இன்னாசி அண்ணன் வேனின் கோளாறுகள்

அன்றைக்குக் காலை ஐந்தேகாலுக்கு வர வேண்டிய வேன் ஐந்தரை ஆகியும் படப்பை பஸ் நிறுத்தத்துக்கு வரவில்லை. முதல் ஷிப்டுக்குப் போகும் பதினோரு பேரும் நின்றபடி வேனைத் திட்டிக்கொண்டிருந்தோம். முனுசாமி பேட்டரி என்றார். நான் செல்ஃப் மோட்டார் என்றேன். பேக்கிங் செக்ஷன் தேவகி மட்டும், "எதுவா இருந்தாலும் அண்ணன் வந்து சொல்லத்தான் போவுது. அதுக்குள்ள உங்களுக்கு இன்னா அவசரம்?" என்றார். ஐந்தே முக்காலுக்கு அண்ணனின் மைத்துனர் சைக்கிளில் வந்தார். இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "மாமா தவறிப்பூட்டாரு" என்றார்.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். ஒரு வாரமாகவே வலி இருந்திருக்கிறது. கேஸ் என்று சொல்லிச் சோடா குடித்திருக்கிறார். அவர் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. வேனில் ஒரு நட்டு லூசானால் ஊரைக் கூட்டிச் சொல்கிற மனுஷன், தன் நெஞ்சு வலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஐம்பது வயது சாகிற வயதா?

ஞாயிற்றுக்கிழமை முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களிடம் கொடுக்க, நம் சங்கத்தின் சைக்ளோஸ்டைல் தாளில் இன்னாசிமுத்து அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். அவருடைய நல்ல குணங்களைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் வேனைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அது இப்போது அவர் வீட்டு வாசலில் நிற்கிறது. வண்டி ஓடத் தகுதி என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுக்கிற எஃப்.சி. அடுத்த மாதம் முடிகிறது. மறுபடி எஃப்.சி. வாங்க வேண்டுமானால் பாதி வண்டியைப் பிரித்துச் சேர்க்க வேண்டும். வாங்காவிட்டால் காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வார். லூர்து மேரி அண்ணிக்கு அந்த வண்டியைத் தவிர விற்பதற்கு ஒன்றும் இல்லை. மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். வேன் என்ன விலைக்குப் போகிறதோ அதைப் பொறுத்துத்தான் அந்தப் படிப்பு.

எனக்கு அண்ணன் பழக்கமானது வேனால் அல்ல. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில், ஒரே மெஷினில் இரண்டு ஷிப்டு பார்த்தோம். நான் முதல் ஷிப்டு முடித்து இறங்குவேன். அவர் இரண்டாவது ஷிப்டுக்கு ஏறுவார். நாலு வருடம் எங்கள் சிநேகிதம் அந்தப் பத்து நிமிடம்தான். மெஷினைக் கைமாற்றும்போது அதன் குறையைச் சொல்லிவிட்டுத்தான் கையைத் துடைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். எங்களில் முக்கால்வாசிப் பேர் "ஓடுது, ஓடுது" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவோம். அண்ணன் ஷிப்டு மாறி எனக்குக் கொடுக்கிற வாரங்களில் பத்து நிமிடமும் பேசுவார். எந்த போல்ட் சூடாகிறது, எண்ணெய் எங்கே சொட்டுகிறது, மதியத்துக்கு மேல் என்ன சத்தம் வருகிறது, எல்லாம் சொல்லுவார். "போதும் அண்ணே, பஸ் பூடும்" என்றால், "மெஷின் வாயைத் தொறக்காது கன்னியப்பா. நாமதான் அதுக்கு வாய்" என்பார்.

அந்த மெஷினில்தான் அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் போயின. அது உங்களுக்குத் தெரியும். எப்படிப் போயின என்பது தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நஷ்ட ஈடாக வந்த பணத்தில் வேன் வாங்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போனார். அதற்கு முன்பே மூன்று பேர் கை மாறிய டீசல் வேன். நாம் மெக்கானிக் பாய் என்று கூப்பிடுகிறவர் அரை மணி நேரம் அதன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தார். "வெல கம்மிதான் அண்ணே. ஆனா இது வண்டி இல்ல, மாசாமாசம் சம்பளம் கேக்குற ஆளு" என்றார். ஸ்டீயரிங்கில் ஆட்டம், மூன்றாவது கியர் நிற்காது, கதவுக்குக் கீழே தகரம் அரிப்பு, என்ஜின் எண்ணெய் குடிக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். வேறு நல்லதாகப் பார்க்கலாமே என்றேன். "கைல கீற துட்டுக்கு இதான் வரும்" என்றார் அண்ணன். அதற்கு மேல் பேசுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

வேன் ஓட ஆரம்பித்த முதல் நாள் காலையிலேயே குறை சொல்கிற வேலையை ஆரம்பித்துவிட்டார். பக்கவாட்டுக் கதவைத் தள்ளித் திறந்து, யாரையும் ஏறவிடாமல் குறுக்கே நின்றுகொண்டார். "ஏர்றதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க. பிரேக் ரெண்டு மிதி மிதிச்சாதான் புடிக்குது. வீல் சிலிண்டர் ஒழுவுது, ஞாயித்துக்கெழம மாத்தறேன். அதுவரைக்கும் மெதுவாத்தான் போவேன். லேட்டாவும்னு நெனைக்கிறவங்க பஸ்ஸுல வாங்க." நாலு பேர் பஸ்ஸுக்குப் போனார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். தன் கடைக் கத்திரிக்காய் சொத்தை என்று எவனாவது கூவி விற்பானா என்று கேட்டேன். "கத்திரிக்கா வாங்கினவன் வூட்டுக்குப் போயி அரிஞ்சி பாத்துக்குவான். நீ ஏறி உக்காந்தா எப்படிப் பாப்பே?" என்றார். அந்த நாலு பேரும் அடுத்த வாரம் வேனுக்கே வந்துவிட்டார்கள். பஸ்காரர் பிரேக்கைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லையாம்.

அதன் பிறகு ஏழு வருடம், ஒரு நாள் தவறாமல் நாம் எல்லோரும் அந்தக் கதவருகே நின்று வேனின் உடம்பு நிலையைக் கேட்டோம். ரேடியேட்டரில் ஈயம் வைத்த இடம் விட்டுவிட்டது, வழியில் ஒரு தரம் தண்ணீர் ஊற்ற நிற்போம். பின் சக்கரத்தில் ஸ்பிரிங் ஒரு பிளேட் முறிந்திருக்கிறது, பின் சீட்டில் கனமான ஆட்கள் வேண்டாம். இதைச் சொல்லிவிட்டு முனுசாமியைப் பார்ப்பார். முனுசாமி முறைத்துக்கொண்டே முன்னால் வந்து உட்காருவார். வைப்பர் ஓடாத நாளில், மழை வந்தால் மரத்தடியில் நிறுத்திவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். நிறுத்தவும் செய்வார். மழை விடும்வரை சீட்டில் திரும்பி உட்கார்ந்து நம்மோடு கதை பேசுவார்.

செல்ஃப் மோட்டாரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தேவகி கோபித்துக்கொள்வார். காலையில் இஸ்திரிச் சட்டையோடு வந்து, ஏரிக்கரைச் சரிவு வரை வேனைத் தள்ளிவிட்டு, ஓடிப்போய் ஏறியவர்கள் நாம். புதுச் சட்டை போட்டவர், கல்யாணம் ஆகி மூன்று மாதம் ஆகாதவர், முந்தின நாள் இரண்டு ஷிப்டு பார்த்தவர், இந்த மூன்று வகையினருக்கும் தள்ளுவதிலிருந்து விலக்கு என்று அண்ணன் சட்டம் போட்டிருந்தார். பெண்கள் தள்ள வேண்டாம் என்றும் சொன்னார். தேவகி கேட்கவில்லை. "உள்ள குந்திகினு உங்க மூஞ்சியப் பாக்கறதுக்கு தள்றதே மேல்" என்று இறங்கிவிடுவார். புது செல்ஃப் மோட்டார் வாங்கினால் இரண்டு மாத டீசலுக்கு வைத்திருக்கும் பணம் போய்விடும். அதனால் பழையதையே பிரித்து, கார்பன் மாற்றி, மறுபடி மாட்டினார். எத்தனை தரம் மாட்டினார் என்பது பாய்க்குத்தான் தெரியும்.

மூன்றாவது கியர் ஒருபோதும் சரியாகவில்லை. ஓடும்போதே நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். கியர் பெட்டியை இறக்கிப் பல் சக்கரம் மாற்ற வேண்டும், அது பெரிய செலவு. லீவரை அழுத்திப் பிடித்தபடியே ஓட்ட வேண்டியிருந்தது. இடது கையில் மிச்சம் இருந்த மூன்று விரலால் அவருக்கு அந்தப் பிடிப்பு வரவில்லை. சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை சீட்டின் காலில் கட்டி, லீவரை இழுத்து மாட்டிப் பார்த்தார். அதுவும் அறுந்தது. ஒரு நாள் நான் முன் சீட்டில் உட்கார்ந்து, "நீங்க ஸ்டீயரிங்கைப் பாருங்க அண்ணே, இதை நான் பாத்துக்கறேன்" என்று லீவரைப் பிடித்துக்கொண்டேன். ஓரகடம் தாண்டியதிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் ஏழு வருடம் என் வலது கை அந்த லீவர் மீதுதான் இருந்தது. முன் சீட்டுக்கு ஆசைப்பட்டு நான் இதைச் செய்கிறேன் என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. அப்போது பதில் சொல்லவில்லை.

வளைகுடாவில் சண்டை வந்து டீசல் விலை ஏறிய சமயத்தில்தான் ஹெட் கேஸ்கட் போயிற்று. ஓரகடம் கூட்டுரோட்டைத் தாண்டி வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு நின்றது. எல்லோருக்கும் அரை நாள் சம்பளம் போயிற்று. சாயங்காலம் ஷிப்டு முடிந்து கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்தால் அண்ணன் நிற்கிறார், வேன் இல்லாமல், பஸ் பிடித்து வந்து. "தண்ணி ஊத்தறப்போவே எண்ணெயில தண்ணி கலந்தமாதிரி கீதேன்னு சந்தேகம் வந்துச்சி. காலைல அத்த சொல்லாம விட்டுட்டேன். தப்பு என்மேல" என்றார். அந்த மாதம் யாரிடமும் முழுக் காசு வாங்கவில்லை. ஹெட்டைச் சமப்படுத்திக் கேஸ்கட் மாற்றிய பாய், என்ஜினைப் பிரித்து சிலிண்டரைக் குடைந்து போர் பண்ணாமல் இனி தாங்காது என்று சொல்லிவிட்டார். டீசல் ஏறியதற்காவது கட்டணத்தைக் கூட்டுங்கள் என்று நான் சண்டையே போட்டேன். ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. என்ஜினும் அப்படியேதான் இருக்கிறது. இப்போது நூறு கிலோமீட்டருக்கு ஒரு தரம் எண்ணெய் பார்க்க வேண்டும்.

சென்ற வாரம் ஓரகடத்திலிருந்து ஒருவர் வேன் பார்க்க வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போவதற்காம். லூர்து மேரி அண்ணி எனக்கு ஆள் அனுப்பினார். "தம்பி, நீங்க ஓட்டிக் காமிங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வேற ஒண்ணும் பேச வேணாம்" என்றார். சரி என்றேன். உண்மையாகவே சரி என்றுதான் நினைத்தேன். அன்றைக்கென்று பார்த்து அந்த வேன், இன்ஸ்பெக்டர் வந்த நாளில் வகுப்புப் பிள்ளைகள் இருப்பது போல அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டது. செல்ஃப் முதல் தரமே பிடித்தது. புகை இல்லை. ஏரிக்கரை வரை போய்த் திரும்பினோம். அந்தத் தூரத்துக்கு மூன்றாவது கியர் தேவைப்படவில்லை. வந்தவருக்குத் திருப்தி. விலையும் பேசி முடிந்தது, நான் எதிர்பார்த்ததைவிட நல்ல விலை. அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கை விட்டவர், பேச்சுக்குத்தான் கேட்டார்: "பிரேக் எல்லாம் நல்லாதானே கீது?"

நல்லா இருக்கு என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பிரேக்கில் ஆரம்பித்து ஸ்டீயரிங், ஸ்பிரிங், கியர், என்ஜின், தகரம் வரைக்கும் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அவர் பணத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அவருதான் வாயை வச்சிகினு சும்மா இருக்கமாட்டாரு. நீங்களுமா தம்பி? எம் பொண்ணு படிப்பு அந்தத் துட்டுலதான கீது? இத்த காயலான் கடைக்குத்தான் போடணும்னு எழுதிக் கீதா?" என்றார். "பள்ளிக்கூடப் புள்ளைங்க அண்ணி. அதுவும் இல்லாம நான் ஒரு தடவ சொல்லாம விட்டிருக்கேன்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரிலயே சொல்லிட்டாரு. வெளிய தெரிஞ்சா அந்தப் புள்ள வேலை பூடும், வாயைத் தொறக்காதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. நீங்க வூட்டுக்கு வந்து டீ கிளாச வாங்கறப்பல்லாம் உங்க வெரலத்தான் எண்ணுவேன் தம்பி. பத்தும் கீதேன்னு வயிறு எரியும். அப்புறம், நமக்கு இன்னா, அவரே வுட்டுட்டாருன்னு உள்ள பூடுவேன்."

இப்போது உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடத்துக்கு முன்பு, ஒரு முதல் ஷிப்டின் கடைசியில், அந்த பிரஸ் ஒரு மிதிக்கு இரண்டு அடி அடித்தது. கிளட்ச் நழுவியிருக்கிறது. ஒரே ஒரு தரம்தான். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பஸ் போய்விடுமே என்று, "ஓடுது அண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஒரு மணி நேரம் கழித்து அது மறுபடி இரண்டாவது அடி அடித்தபோது அண்ணனின் கை உள்ளே இருந்தது.

விசாரணையில் மேனேஜர் அவரிடம் ஒன்றைத்தான் கேட்டார். முந்தைய ஷிப்டுக்காரன் கோளாறைச் சொன்னானா இல்லையா? கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்துகொண்டு, "சொன்னாரு சார். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவருடைய கவனக்குறைவு என்று எழுதினார்கள். சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள். கம்பெனி மேற்கொண்டு கொடுப்பதாக இருந்த தொகை இல்லை என்றாயிற்று. ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கொடுப்பதாகப் பேச்சு இருந்தது, அதுவும் போயிற்று. அந்தத் தொகை வந்திருந்தால் நல்ல வேனாகவே வாங்கியிருப்பார். வேனே தேவைப்படாமலும் இருந்திருக்கும். பிரேக், கியர், செல்ஃப், கேஸ்கட் என்று மேலே எழுதிய ஒவ்வொன்றோடும் அவர் ஏழு வருடம் மாரடித்ததற்கு நான் அன்றைக்கு பஸ்ஸுக்கு ஓடியதுதான் காரணம்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒரே ஒரு தரம், ஓடுகிற வேனில், லீவரைப் பிடித்துக்கொண்டே கேட்டேன். பின்னால் நீங்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். "உனக்கு அப்போ வேல கன்ஃபர்ம் ஆயி மூணு மாசம். உன் வூட்டுல மாசமா இருந்துச்சி. நெசத்த சொன்னா எனக்கு வெரலு மொளைக்குமா?" என்றார். பிறகு, "அந்தத் தண்ணி லாரிய முன்னாடி வுடலாமா?" என்று கேட்டார். அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவே இல்லை.

பூசைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். இவ்வளவும் தெரிந்த பிறகு அந்த வேனை வெளி ஆள் எவரும் வாங்க மாட்டார். தெரியாதவர் தலையில் கட்ட என்னால் முடியாது. அதனால் பதினோரு பேரும் சேர்ந்து நாமே வாங்கிக்கொள்ளலாம், ஓரகடத்துக்காரர் நான் வாய் திறப்பதற்கு முன் ஒத்துக்கொண்ட அதே விலைக்கு. ஆளுக்கு இரண்டு மாத ஓவர்டைம் பணம் வரும். பாயிடம் பேசிவிட்டேன். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் எஃப்.சி.க்கு முன்பே முடித்துவிடுவார். கியர் பெட்டி பொங்கலுக்குப் பிறகு. என்ஜின் எப்போது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. செலவு இதோடு நிற்காது, வருடா வருடம் வரும். லைசென்ஸ் எனக்கும் முனுசாமிக்கும் இருக்கிறது. முறை வைத்து ஓட்டுகிறோம். என் பங்கை நேற்று அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். இதைப் படித்த பிறகு என்னோடு ஒரே வேனில் வர உங்களுக்கு மனம் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் வேனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், நான் விலகிக்கொள்கிறேன். அண்ணிக்குப் பணம் போய்ச் சேர்ந்தால் போதும்.

அண்ணன் கொடுத்ததில் என்னிடம் இருப்பது என் வேலை. ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி சம்பளக் கவரில் கையெழுத்துப் போடும்போது அவருக்கு நான் தீர்க்க வேண்டிய கடன் என்று நினைவுக்கு வருகிற வேலை அது. திருப்பிக் கொடுக்கவும் முடியாது. என் இரண்டு பிள்ளைகளும் அதில்தான் சாப்பிடுகிறார்கள். மூத்தவனுக்கு எட்டு நடக்கிறது. அப்பாவுக்குக் கம்பெனி வேலை எப்படி நிலைத்தது என்று கேட்கிற வயது வந்தால், இன்னாசி பெரியப்பா விட்டுக்கொடுத்த வேலை என்று சொல்லப்போகிறேன்.